லிவி மீது போட்ட பொய் வழக்கு

மார்க் ட்வைனைப் பற்றிப் பேச்செடுத்தால் சற்று நேரத்தில் அவர் மனைவியின் தலை உருளாமல் இருக்காது. ஒலிவியா லாங்டன், வீட்டில் லிவி. மிசிசிப்பியில் நீராவிக் கப்பல் ஓட்டியவர், நெவாடாவில் வெள்ளி தேடி மண் தோண்டியவர், வாய் கூசாமல் பேசியவர் என்று ஊர் சுற்றித் திரிந்த ஒரு மனிதரை, நிலக்கரி வியாபாரி ஒருவரின் செல்ல மகள் கட்டிக்கொண்டாராம். தலையை வாரிவிட்டாராம். நாக்கை அடக்கிவைத்தாராம். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு தாளிலும் கை வைத்தாராம். அங்கத எழுத்தாளர் ஸ்விஃப்ட் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டியவர் அதனால்தான் கூடத்தில் விருந்தினரைச் சிரிக்கவைக்கும் ஆளாகச் சுருங்கிப்போனாராம்.

இந்தக் கதைக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தவர் வான் விக் புரூக்ஸ். 1920இல் வெளிவந்த ‘மார்க் ட்வைனின் சோதனை’ என்ற நூலில் தாய், மனைவி, மனைவியின் ஊர், நண்பர் வில்லியம் டீன் ஹவல்ஸ் என்று வரிசையாகக் கூண்டில் நிறுத்தி, எல்லாரும் சேர்ந்து ஒரு கலைஞனை உள்ளுக்குள்ளேயே கொன்றார்கள் என்று வாதாடினார். 1932இல் பெர்னார்ட் டிவோட்டோ ஒரு முழுப் புத்தகமே எழுதி அதை எதிர்த்தார். ஆய்வாளர்களில் பலர் புரூக்ஸை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ஆனால் கதை சாகவில்லை. குடும்பம் என்பது எழுத்தாளனின் காலைக் கட்டும் கயிறு என்று நம்புவதில் எழுதுகிறவர்களுக்கே ஒரு சுகம் இருக்கிறது. எழுதாமல் போன புத்தகத்துக்கு வீட்டுக்காரியைவிடக் கைக்கு எட்டும் காரணம் வேறு எது?

நான் சொல்வது நேர் எதிர். ட்வைன் என்ற நாவலாசிரியர் அந்த வீட்டில்தான் பிறந்தார். வீடு கலைந்தபோது நாவலாசிரியரும் கலைந்தார். வீட்டைக் கலைத்ததும் லிவி இல்லை.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். 1870 பிப்ரவரி 2இல் எல்மைரா நகரில் கல்யாணம். ட்வைனுக்கு, இயற்பெயரில் சாமுவேல் கிளெமென்ஸுக்கு, அப்போது 34 வயது. அதுவரை அவர் கணக்கில் இருந்தவை: 1865இல் நாட்டையே சிரிக்கவைத்த தவளைக் கதை, 1869இல் வந்த ஐரோப்பிய, பாலஸ்தீனப் பயண நூல், எண்ணற்ற பத்திரிகைத் துணுக்குகள். எல்லாம் நல்ல சரக்கு. ஆனால் டாம் சாயர் இல்லை, ஹக் ஃபின் இல்லை, ஹன்னிபல் என்ற அந்த ஆற்றங்கரைச் சிற்றூரே இல்லை. பத்துப் பதினைந்து வருடம் காட்டிலும் கப்பலிலும் சுரங்கத்திலும் சுதந்திரமாக அலைந்தபோது அவருக்குத் தன் பிள்ளைப்பிராயம் எழுத்தாகக் கிடைக்கவில்லை. கல்யாணமாகி நான்காம் நாள், பிப்ரவரி 6ஆம் தேதி, மாமனார் சீதனமாகக் கொடுத்த பஃபலோ நகர வீட்டில் உட்கார்ந்து பால்ய நண்பர் வில் போவெனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய குறும்புகள், செத்துப்போன ஊர்க்காரர்கள், ஆறு, தீவு என்று ஹன்னிபல் முழுக்க அதில் கொட்டிக் கிடக்கிறது. பின்னால் எழுதப்போகும் இரண்டு பெரிய நாவல்களின் விதை அந்தக் கடிதத்தில் இருப்பதை ட்வைனை வாசிப்பவர்கள் அறிவார்கள். கட்டிப்போடப்பட்ட மனிதன் கல்யாண வாரத்தில் எழுதும் கடிதமா அது?

1874இல் ஹார்ட்ஃபர்டில் 25 அறைகள் கொண்ட வீட்டுக்குக் குடிபோனார்கள். எட்வர்ட் டக்கர்மன் பாட்டர் கட்டிய அந்தச் செங்கல் மாளிகையில் பெரும்பகுதி லிவியின் பணம். பக்கத்து வீட்டில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். வருகிற போகிற விருந்தாளிகளுக்குக் கணக்கில்லை. அந்த வீட்டில் ட்வைன் எழுதியது குறைவுதான். பில்லியர்ட்ஸ் மேஜை பேனாவைவிட அதிகம் உழைத்தது. உண்மையான எழுத்து வேலை கோடையில், எல்மைராவுக்கு மேலே குன்றின் மீதிருந்த குவாரிப் பண்ணையில் நடந்தது. அது லிவியின் அக்கா சூசன் கிரேனின் வீடு. வீட்டு இரைச்சல் எட்டாத தூரத்தில், சுற்றிலும் ஜன்னல் வைத்த எண்கோண அறை ஒன்றை 1874இல் ட்வைனுக்கென்றே கட்டிக்கொடுத்தார் அந்த அக்கா. காலையில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் மாலை ஐந்து மணி வாக்கில்தான் வெளியே வருவார். மதியச் சாப்பாடு கிடையாது. அவசரமென்றால் ஊதுகொம்பை ஊதிக் கூப்பிட வேண்டும், கிட்டே யாரும் போகக்கூடாது. டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின், இளவரசனும் ஏழையும், மிசிசிப்பி வாழ்க்கை, கனெக்டிகட் யாங்கி ஆகிய நூல்களின் பெரும்பகுதி அந்த எட்டு மூலை அறையில் எழுதப்பட்டது. எழுத்தாளனை ஒடுக்கிய குடும்பம் என்கிறார்களே, இப்படி ஓர் ஒடுக்குமுறைக்கு விண்ணப்பம் போட நம் எழுத்தாளர்கள் வரிசையில் நிற்பார்கள்.

சரி, கத்தரிக்கோல்? இருந்தது, மறுக்கவில்லை. அன்றன்றைக்கு எழுதியதை மாலையில் திண்ணையில் உட்கார்ந்து குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார். அல்லது லிவி கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படித்து, சந்தேகமான பக்கத்தின் மூலையை மடித்துவைப்பார். மூத்த மகள் சூசி தன் பதின்மூன்றாவது வயதில் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்தாள். மூலை மடிக்கப்பட்டால் ஏதோ சுவையான பகுதி போகப்போகிறது என்று பிள்ளைகள் பதறியதை அதில் பதிவு செய்திருக்கிறாள். புரூக்ஸ் தரப்புக்கு இது பெரிய சாட்சியம். ஆனால் அதே சூசியின் வரிகளுக்குப் பின்னால் ட்வைன் போட்ட விளக்கத்தை ஏன் படிக்க மறுக்கிறார்கள்? வெட்டட்டும் என்றே சில அபாண்டமான பத்திகளை வேண்டுமென்று எழுதி வைப்பேன், பிள்ளைகளும் நானும் சேர்ந்து அவளிடம் மன்றாடுவோம், அது எங்கள் வீட்டு விளையாட்டு என்கிறார் அவர்.

ட்வைன் தொழில்முறை நகைச்சுவையாளர். மனைவிக்கு அஞ்சி நடுங்கும் கணவன் என்பது அவர் மேடையிலும் கடிதத்திலும் வாழ்நாள் முழுக்கப் போட்ட வேஷம். வேஷத்தை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டதுதான் புரூக்ஸின் அடிப்படைக் கோளாறு. ஒருநாள் பொத்தான் இல்லாத சட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே எறிந்துகொண்டே ட்வைன் கொட்டிய வசவுகளை, படுக்கையில் இருந்த லிவி அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார் என்பதும், வார்த்தை சரிதான், ராகம்தான் வரவில்லை என்று இவர் சொன்னார் என்பதும் ட்வைனே தன் சுயசரிதைக்காகச் சொல்லிவைத்த கதை. கெட்ட வார்த்தை கேட்டால் மயங்கி விழும் பெண்மணி செய்கிற காரியமா இது?

இன்னும் உறுதியான ஆதாரம் 1876இன் கடிதங்களில் இருக்கிறது. டாம் சாயர் நாவலின் கடைசிப் பகுதியில், விதவை வீட்டில் தனக்குத் தலைவாரிவிடும் கொடுமையை ஹக் விவரிக்கும் இடத்தில் நரகத்தை இழுத்து ஒரு வசவு இருந்தது. லிவிக்கும் அவர் அம்மாவுக்கும் அத்தைக்கும் ட்வைன் அதை வாசித்துக் காட்டினார். மூவரும் பக்திமான்கள். மூவருமே ஒன்றும் சொல்லவில்லை. இவருக்குத்தான் உறுத்தியது, ஹவல்ஸிடம் கேட்டார். உடனே எடுத்துவிடுங்கள் என்றார் ஹவல்ஸ். எடுத்தாயிற்று. பெண்கள் விட்டுவைத்த வார்த்தையை இரண்டு ஆண்கள், அதுவும் இரண்டு எழுத்தாளர்கள், சேர்ந்து நீக்கினார்கள். பழி மட்டும் பெண்கள் தலையில்.

ஹக்கிள்பெரி ஃபின்னின் பகுதிகள் செஞ்சுரி இதழில் வந்தபோது பத்திரிகை ஆசிரியர் ரிச்சர்ட் வாட்சன் கில்டர் தன் வாசகர்களின் நாசூக்குக்காக அவற்றில் தாராளமாக வெட்டினார். ட்வைன் எதிர்த்து நிற்கவில்லை. 1885 மார்ச்சில், புத்தகம் வந்த கையோடு, கான்கர்ட் நகரப் பொது நூலகக் குழு அது முரட்டுத்தனமானது, கண்ணியமற்றது என்று அலமாரியிலிருந்து இறக்கியது. லிவி படித்து, மூலை மடித்து, அனுமதி கொடுத்து அனுப்பிய அதே புத்தகம்தான். நாகரிகத்தின் பேரில் ஹக்கின் கழுத்தை நெரித்தவர்களைத் தேடுகிறவர்கள் கான்கர்டுக்கு வண்டி ஏறலாம். ஆண்கள் மட்டுமே படிக்கட்டும் என்று அவர் எழுதிய பச்சையான சிறு நாடகம் ‘1601’ உருவானதும் 1876 கோடையில் அதே குவாரிப் பண்ணையில்தான். யாருக்கு எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? அவர் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியார் ஜோசப் டுவிச்செலுக்கு.

லிவி வளர்ந்த வீட்டைப் பற்றியும் புரூக்ஸுக்குத் தெளிவில்லை. சிற்றூர்ப் பணக்காரர்களின் போலி ஆசாரம் அவர் ரத்தத்தில் ஊறியது என்ற தொனியில் எழுதுகிறார். லிவியின் அப்பா ஜெர்விஸ் லாங்டன் பணக்காரர் என்பது சரி. ஆனால் அடிமை முறையை எதிர்த்ததற்காகத் தன் தேவாலயத்தை விட்டு வெளியேறி, 1846இல் வேறொரு சபையைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். தெற்கிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அந்த வீடு உதவியது. ஃபிரெடரிக் டக்ளஸ் அங்கே விருந்தாளி. இன்னொரு பக்கம் மாப்பிள்ளை வீட்டைப் பாருங்கள். அப்பா ஜான் மார்ஷல் கிளெமென்ஸ் அடிமைகளை வைத்திருந்தவர். 1841இல் அடிமைகளைத் தப்பவைக்க முயன்ற மூன்று பேரைச் சிறைக்கு அனுப்பிய நடுவர் குழுவில் உட்கார்ந்தவர். மகன் சாம் 1861இல் தெற்குத் தரப்பின் உதிரிப் படை ஒன்றில் இரண்டு வாரம் இருந்துவிட்டு மேற்கே நழுவியவர். ஹக் ஃபின்னை எழுதிய மனசாட்சி ஹன்னிபலிலிருந்து வந்ததா, எல்மைராவிலிருந்து வந்ததா?

பதில் குவாரிப் பண்ணையின் சமையலறையில் இருக்கிறது. அங்கே சமையல் செய்தவர் மேரி ஆன் கார்ட், அடிமையாகப் பிறந்தவர். 1852இல் ரிச்மண்டில் ஏலம் போட்டுக் கணவனிடமிருந்தும் ஏழு குழந்தைகளிடமிருந்தும் அவரைப் பிரித்து விற்றார்கள். உள்நாட்டுப் போர் ஓயும் வேளையில், பதின்மூன்று வருடம் கழித்து, கடைக்குட்டி ஹென்றி மட்டும் கிடைத்தான். 1874 கோடையில் ஒரு மாலை, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் அந்த அம்மாளைப் பார்த்து, உனக்கென்ன, கஷ்டமே தெரியாமல் அறுபது வயது வாழ்ந்துவிட்டாய் என்கிற தோரணையில் ட்வைன் எதையோ கேட்டுவைத்தார். மேரி ஆன் திரும்பி நின்று தன் கதையைச் சொன்னார். கேட்டவர் கேட்டபடி, அவர் பேச்சு மொழியிலேயே எழுதி அட்லாண்டிக் மாத இதழுக்கு அனுப்பினார். அந்த இதழில் ட்வைனின் முதல் படைப்பு அது, 1874 நவம்பர். முழுக்க ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயால், அவர் மொழியால் நடக்கும் கதையை அதற்கு முன் ட்வைன் எழுதியதில்லை. இரண்டு வருடம் கழித்து ஹக் பேச ஆரம்பித்தான், ஜிம் பேச ஆரம்பித்தான். வீட்டுத் திண்ணை அவரிடமிருந்து எதைப் பறித்தது என்று கேட்கிறவர்கள் அது எதைக் கொடுத்தது என்றும் கேட்க வேண்டும்.

மதத்திலும் கதை தலைகீழ். காதலிக்கும்போது நல்ல கிறிஸ்தவனாகிவிடுகிறேன், புகையை விடுகிறேன் என்று என்னென்னவோ வாக்குக் கொடுத்தார் ட்வைன். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வீட்டு ஜெபம் நின்றது, சுருட்டு திரும்பியது. பெருந்துயரம் ஒன்றின்போது உன் நம்பிக்கையில் சாய்ந்துகொள் என்று ட்வைன் சொல்ல, என்னிடம் அது மிச்சமில்லையே என்று லிவி பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. யார் யாரை மாற்றினார்கள்?

லிவி வெட்டியவற்றில் வெட்டியிருக்கக் கூடாததும் உண்டு. 1895இல் கடன் அடைக்க உலகப் பயணம் கிளம்பிய ட்வைன், லிவியும் நடு மகள் கிளாராவும் உடன்வர, 1896 ஜனவரியில் கொழும்பைத் தொட்டு பம்பாய் வந்து இறங்கினார். பம்பாய் ஹோட்டலில் ஒரு ஜெர்மானியர், வேலைக்காரர் ஒருவரின் கன்னத்தில் காரணமில்லாமல் அறைந்தார். அறை வாங்கியவர் எதிர்ப்புக் காட்டாமல் நின்றார். அந்தக் கணத்தில் ட்வைனின் மனம் ஐம்பது வருடம் பின்னே போயிற்று. தன் அப்பா வீட்டு அடிமைச் சிறுவனை அடித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்க எழுத்தாளர்கள் இந்தியாவைப் பற்றி எழுதியதில் இவ்வளவு நேர்மையான இடங்கள் அதிகம் கிடையாது. அந்தப் பயணத்தைப் பற்றிய நூலின் கையெழுத்துப் பிரதிக்கு லிவி எழுதிய குறிப்புகளும் ட்வைன் போட்ட பதில்களும் எஞ்சியிருக்கின்றன. உன் அப்பா சிறுவனைச் சாட்டையால் அடிப்பதாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை என்று லிவி எழுதியிருக்கிறார். சரி, எடுத்தாயிற்று, அப்பாவுக்கு வெள்ளையடித்தாயிற்று என்கிறார் ட்வைன். அச்சில் சாட்டை இல்லை, லேசான குட்டுகளே இருக்கின்றன. இதை நான் லிவியின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மற்ற குறிப்புகளைப் பார்த்தால், துர்நாற்றம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்கிற ரகம். அதைத் தணிக்கை என்று சொல்ல மாட்டேன். நல்ல பிரதி மேம்படுத்துநர் செய்யும் வேலை.

வீட்டின் ரசனையால் நேர்ந்த நஷ்டமும் ஒன்று உண்டு. சூசிக்கு அப்பா வெறும் கோமாளி என்று பெயரெடுப்பதில் வருத்தம். ‘இளவரசனும் ஏழையும்’ மாதிரி கண்ணியமான நூல்களே அவளுக்கு உசத்தி. அந்தப் பாராட்டுக்கு ஏங்கி எழுதியதுதான் ஜோன் ஆஃப் ஆர்க் நாவல் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் நூல்களில் அதுவே சிறந்தது என்று ட்வைன் கடைசி வரை நம்பினார். இன்று அதை எத்தனை பேர் முடிக்கிறார்கள்?

குவாரிப் பண்ணையின் அந்தப் பொன்னான கோடைகள் ஏன் நின்றன? புரூக்ஸ் தரப்பு தாண்டிக் குதித்து ஓடும் இடம் இதுதான். ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் தானாக எழுத்துக் கோக்கும் அச்சு இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். அதற்கு 18,000 பாகங்கள். ஓடும், நிற்கும், மறுபடி பிரித்துப் போடுவார்கள். அதற்குள் மெர்கன்தேலரின் போட்டி இயந்திரமான லைனோடைப் சந்தையைப் பிடித்துவிட்டது. இளவயதில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்த ட்வைன் அந்த இயந்திரத்தின் மேல் பித்துப்பிடித்து ஏறக்குறைய மூன்று லட்சம் டாலரைக் கொட்டினார் என்று கணக்கிடுகிறார்கள். அதில் லிவியின் பூர்வீகச் சொத்தும் உண்டு. 1891இல் செலவைக் குறைக்க ஹார்ட்ஃபர்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஐரோப்பா போனார்கள். 1894 ஏப்ரலில் ட்வைனின் பதிப்பகம் திவாலானது. சட்டப்படி பாதித் தொகையோடு கைகழுவ வழி இருந்தபோதும், கடைசி சென்ட் வரை கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று நின்றவர் லிவி. 1898க்குள் தீர்த்தார்கள். அதற்குக் கொடுத்த விலை: அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தபோது, 1896 ஆகஸ்ட் 18இல், ஹார்ட்ஃபர்ட் வீட்டில் மூளைக்காய்ச்சலில் சூசி இறந்தாள். வயது 24. லிவியும் கிளாராவும் அப்போது நடுக்கடலில் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மறுபடி குடியிருக்க லிவிக்கு மனம் வரவில்லை. ட்வைனின் பிற்கால எழுத்தில் உள்ள கசப்பைப் புரூக்ஸ் ஒடுக்கப்பட்ட கலைஞனின் ஆற்றாமை என்று விளக்குகிறார். திவாலும் மகளின் சாவும் ஒரு மனிதனைக் கசக்கப் போதாதா? அதற்கு மேல் மனோதத்துவம் எதற்கு?

கடைசியாக, நீதிமன்றம் கேட்கும் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்ப்போம். 1904 ஜூன் 5இல் ஃபிளாரன்ஸில் லிவி இறந்தார். ட்வைன் 1910 ஏப்ரல் வரை இருந்தார். ஏறக்குறைய ஆறு வருடம் கத்தரிக்கோல் இல்லை. அடக்கி வைத்திருந்த ஸ்விஃப்ட் வெளியே வந்தாரா? லிவி வெறுத்த ‘மனிதன் என்றால் என்ன’ நூலை 1906இல் அச்சிட்டார்: 250 பிரதி, ஆசிரியர் பெயர் இல்லாமல். 1905இல் எழுதிய ‘போர்ப் பிரார்த்தனை’யை ஒரு பெண்கள் இதழ் மறுத்தது, ஹார்ப்பர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் வேறெங்கும் கொடுக்கவில்லை, அவர் ஆயுளில் அது வரவேயில்லை. லிஞ்ச் கொலைகளைப் பற்றிய கட்டுரையை 1901இல் அவரே பெட்டியில் பூட்டினார், தெற்கே தன் நண்பர்கள் போய்விடுவார்கள் என்று. ஏகாதிபத்தியத்தை உரித்துத் தொங்கவிட்ட ‘இருளில் அமர்ந்திருப்பவனுக்கு’ கட்டுரையோ அதே 1901இல், லிவி உயிரோடு பக்கத்தில் இருக்கும்போதே, வெளிவந்தது.

அந்த ஆறு வருடத்தில் ட்வைன் சம்பாதித்தது வெள்ளை உடுப்பும் ஓயாத விருந்துகளும்தான். வலிப்பு நோயோடு போராடிய கடைக்குட்டி ஜீன் 1906இல் மருத்துவ இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். வீடு நடத்திய காரியதரிசியும் மேலாளரும் 1909இல் சண்டையில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின காலை, ஊர் திரும்பியிருந்த ஜீன் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தாள். லிவி இல்லாத வீடு அதுதான்.

ட்வைன் போன பிறகும் கத்தரி ஓயவில்லை. முடிக்காமல் விட்ட ‘மர்ம அந்நியன்’ பிரதிகளை ஆல்பர்ட் பிகலோ பெய்னும் ஹார்ப்பரின் ஃபிரெடரிக் டூனெகாவும் வெட்டி, ஒட்டி, தாங்களே சேர்த்து 1916இல் ட்வைன் எழுதியதாகவே வெளியிட்டார்கள். பைபிளைக் கிண்டல் செய்யும் ‘பூமியிலிருந்து கடிதங்கள்’ கிளாராவின் ஆட்சேபத்தால் 1962 வரை அச்சேறவில்லை. ட்வைனைத் தணிக்கை செய்தவர்களைத் தேடுகிறீர்களா? கில்டர், ஹவல்ஸ், பெய்ன், டூனெகா, கிளாரா, எல்லாருக்கும் முன்னால் விற்பனையை எண்ணிப் பயந்த ட்வைன் என்று எழுதிக்கொள்ளுங்கள். லிவியின் பெயரைக் கடைசியில் போடலாம், ஒரு சாட்டைக்காக மட்டும்.